ஊன விழுக்காடும் வருமான இழப்பும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகளில் காயமடைந்தவர்களுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாதாடிவருபவன் என்ற முறையில், எங்கள் தரப்பிலேயே நடக்கும் ஒரு பிழையைத் தங்கள் நாளிதழ் வாயிலாக எடுத்துச்சொல்ல விரும்புகிறேன். மருத்துவக் குழு தரும் சான்றிதழில் உள்ள ஊன விழுக்காட்டையே வருமான இழப்பின் விழுக்காடாகக் காட்டிவிட்டு, அதற்குமேல் சாட்சியம் எதுவும் வைக்காமல் வழக்கை முடித்துக்கொள்கிறோம்.

இவ்விரண்டும் வேறு வேறு என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே தெளிவுபடுத்திவிட்டது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு ஏறக்குறைய நூறு விழுக்காடாகலாம், அரசுப் பணியில் உள்ள எழுத்தராக இருந்தால் வேலையே போகாமலும் இருக்கலாம் என்று அத்தீர்ப்பு விளக்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த விசைத்தறித் தொழிலாளி ஒருவருக்கு வேன் மோதி வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது, சான்றிதழில் 20 விழுக்காடு. கோப்பைப் பார்த்து நானும் அவ்வளவுதான் என்றே நினைத்தேன். அவருடைய மனைவிதான், "அறுந்த இழையை இவரால பிணைக்க முடியலைங்க" என்றார். மேசைமேல் இரண்டு நூல்களை வைத்து முடிச்சுப் போடச் சொன்னேன். கட்டைவிரல் சுட்டுவிரலைத் தொட்டது. ஆனால் நூல் விரலிடையில் நிற்கவில்லை, மூன்று முறையும் நழுவி விழுந்தது. பாவு இழை அறுந்தவுடன் பிணைக்க முடியாதவரை எந்தத் தறிப்பட்டறையில் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? பட்டறை உரிமையாளரையும் சிகிச்சையளித்த எலும்பு மருத்துவரையும் சாட்சிகளாக விசாரித்த பிறகு, தீர்ப்பாயம் வருமான இழப்பை 60 விழுக்காடாக ஏற்றது. அவருக்கு அப்போது வயது 38. சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, ஆண்டு வருமான இழப்பை அந்த வயதுக்குப் பெருக்க வேண்டிய எண், அதாவது பெருக்கெண், 15. மாத வருமானம் 12,000 ரூபாய் என்ற கணக்கில், மருத்துவச் செலவு போன்ற மற்ற இழப்பீட்டு இனங்களை விட்டுவிட்டாலும், 20 விழுக்காட்டுக்கு 4,32,000 ரூபாய்தான் வந்திருக்கும். 60 விழுக்காட்டுக்கு 12,96,000 ரூபாய் வந்தது.

அந்த அம்மாள் வாய்திறக்காமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

மனுதாரரை இப்படி உட்காரவைத்துக் கேட்காமல் விடுவதற்கு, மருத்துவமனை வார்டிலேயே தரகர்கள் வழியாக வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் ஒரு முக்கியக் காரணம். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடைசெய்திருந்தும் அது நடக்கிறது; பங்குக்காக வழக்கை எடுப்பவருக்கு, சாட்சிகளைத் தேடி அலைவதைவிடச் சொன்ன தொகைக்குச் சமரசம் செய்துகொள்வதே ஆதாயம். மனு செய்ய ஆறு மாத வரம்பு விதித்த சட்டத்திருத்தம் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், அந்தக் கெடுவைக் காட்டியே குடும்பத்தாரை அவசரப்படுத்துகிறார்கள். வழக்குரைஞர் சங்கங்கள் இதைக் கண்டும் காணாமல் இருப்பது வேதனையளிக்கிறது.

விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போட முடியும் என்று தரகர்கள் சொல்வதும் உண்மையன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவு, மனுதாரர் தாம் வசிக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு செய்ய இடம் தருகிறது. ஆகவே, காயம்பட்டவர்கள் வார்டில் நீட்டப்படும் தாளில் கையெழுத்திடாமல், வீடு திரும்பிய சில நாட்களிலேயே தங்கள் ஊர் வழக்குரைஞர் ஒருவரை நேரில் பார்த்து, இந்தக் கையாலும் காலாலும் முன்பு என்ன வேலை செய்தோம், இப்போது எது முடியவில்லை என்பதை ஒன்றுவிடாமல் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வழக்குரைஞர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்