இறப்புச் சான்றிதழோடு ஒரு தாளும் சேர்த்துக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாலுகா அலுவலக வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தில் இரவு வகுப்பு எடுத்தேன். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட பெண்கள் ‘இந்த மனுவையும் எழுதிக் குடுங்கக்கா’ என்று வர ஆரம்பித்தார்கள். அப்படியே இதுவே தொழிலாகிவிட்டது. உதவித்தொகை பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் செய்திகளைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். யாருக்குக் கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டார் எந்த வாசலுக்கு, எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஒன்றில்கூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன ஐப்பசியில், நல்ல மழை நாளில், ஒரு பெண் வந்தார். வயது முப்பத்தெட்டு. கணவர் கொத்தனார். ஜூன் மாதம் வேலை செய்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அவருக்கு நாற்பத்து நான்கு வயது. விதவை உதவித்தொகைக்கு மனு எழுதத்தான் அந்தப் பெண் வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து, நனையாமல் முந்தானையால் மூடியபடி வைத்தார். ஆதார், ரேஷன் அட்டை, இறப்புச் சான்றிதழ். பைக்குள்ளே கணவரின் பாஸ்புக்கும் இருந்தது. அதைக் கேட்டதும், “அதுல ஒண்ணும் இல்லக்கா, அறுநூறு ரூபாதான் கெடக்கு” என்றார். எதற்கும் வங்கிக்குப் போய் என்ட்ரி போட்டுக்கொண்டு வாருங்கள் என்றேன்.

மறுநாள் கொண்டுவந்தார். மே மாதக் கடைசி வாரத்தில் ஒரு வரி. 436 ரூபாய் பிடித்திருந்தார்கள். பக்கத்தில் ஆறே ஆங்கில எழுத்து: பி.எம்.ஜே.ஜே.பி.ஒய். முந்தின ஆண்டு மே மாதத்திலும் அதே வரி இருந்தது.

பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா என்ற காப்பீடு அது. 2015இல் வந்தது. முதலில் ஆண்டுக்கு 330 ரூபாய், 2022 ஜூனிலிருந்து 436. வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்வார்கள். பதினெட்டிலிருந்து ஐம்பது வயதுக்குள் சேரலாம், ஐம்பத்தைந்து வரை தொடரலாம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் நாமினிக்கு இரண்டு லட்சம் ரூபாய். கணக்குத் தொடங்கிய அன்று நீட்டிய படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்கே தோன்றியிருக்காது.

வங்கியில் முதலில் கவுன்டரில் இருந்தவர், இன்சூரன்ஸ் கம்பெனியைப் போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அது சரியில்லை. அந்தப் படிவத்தை வாங்கி, சரிபார்த்து, கம்பெனிக்கு அனுப்ப வேண்டியது கணக்கு இருக்கும் கிளைதான். அதை ஒரு தாளில் எழுதி மேலாளரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார். முப்பது நாளுக்குள் கேட்பது நல்லது என்று விதியில் இருக்கிறது. நாங்கள் போனது நான்கு மாதம் கழித்து. இருந்தும் எடுத்துக்கொண்டார்கள். நாமினி இடத்தில் மாமியார் பெயர் இருந்தது. அந்த அம்மா வந்து, “எம் பேரப்புள்ளைங்களுக்குத்தானே” என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார். பொங்கலுக்கு முன் பணம் வந்துவிட்டது.

இப்படி முடிகிற கதை குறைவு. இதே திட்டத்தில் இன்னொரு வீட்டில், மே மாதத்தில் கணக்கில் 212 ரூபாய்தான் இருந்தது. 436 பிடிக்க முடியாததால் அந்த ஆண்டுக்குக் காப்பீடு இல்லாமல் போயிற்று. ஆவணியில் அவர் காய்ச்சலில் இறந்தார். முந்தின ஆண்டுகளில் பணம் பிடித்த வரிகளை அவர் மனைவியிடம் விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, ஒன்றும் வராது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மே மாதம் கணக்கில் ஐந்நூறு ரூபாய் போட்டு வையுங்கள் என்று அவர்களுக்கு யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம்.

அதே பாஸ்புக்கில் 20 ரூபாய் பிடித்த வரி இருந்தால் அது விபத்துக் காப்பீடு. எழுபது வயது வரை உண்டு. விபத்தில் இறந்தால் அதிலும் இரண்டு லட்சம். சாலை விபத்து என்றால் எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டும் கேட்பார்கள். பாம்பு கடித்தோ மரத்திலிருந்து விழுந்தோ இறந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டே போதும். அந்தச் சீட்டைத்தான் பல வீடுகளில் துக்கம் முடிந்த கையோடு மற்ற துணிமணியுடன் எரித்துவிடுகிறார்கள்.

கொத்தனாரின் மனைவிக்கு இன்னொரு உரிமையும் இருந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில் சம்பாதித்துப் போடுபவர் 18 வயதிலிருந்து 59 வயதுக்குள் இறந்தால், தேசியக் குடும்ப நல உதவித் திட்டத்தில் ஒரே தடவையாக 20,000 ரூபாய் தருகிறார்கள். அந்த மனுவும் எழுதினேன். அப்புறம் விதவை உதவித்தொகை. 2023 ஆகஸ்டில் ஆயிரத்திலிருந்து 1200 ரூபாயாக உயர்த்தினார்களே, அது. மத்திய அரசின் விதவைத் திட்டத்துக்குத்தான் நாற்பது வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு மாநில அரசின் ஆதரவற்ற விதவைத் திட்டம் இருக்கிறது. ‘நாப்பது ஆகட்டும், அப்புறம் வா’ என்று யாரோ சொன்னதை நம்பி, இரண்டு மூன்று ஆண்டு சும்மா இருந்துவிட்டு வந்த பெண்களுக்கு நான் மனு எழுதியிருக்கிறேன். சொன்னவர் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. கையில் ஒரு சீட்டும் இருக்காது.

இன்னொன்று. ‘கருணை கூர்ந்து, இந்த ஏழைக்கு இரக்கம் காட்டி’ என்று எழுதச் சொல்லிக் கேட்பார்கள். நான் எழுதுவதில்லை. ‘இன்ன திட்டத்தில் எனக்குத் தகுதி உண்டு, இன்ன சான்றுகளை இணைத்துள்ளேன், ஒப்புகைச் சீட்டு வழங்கவும்’ என்று எழுதுகிறேன். முதலில் கொஞ்சம் பயப்படுவார்கள். நான் வாசித்துக் காட்டியதும் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். கணவனை இழந்தவர் உதவித்தொகை கேட்கப் போகாமல் இருக்கலாம், காப்பீடு கேட்கப் போகாமல் இருக்கலாம். இறப்பைப் பதிவு செய்ய மட்டும் அந்த வீட்டிலிருந்து யாராவது போயே தீர வேண்டும். இருபத்தொரு நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். கிராமத்தில் விஏஓவிடம், ஊர் பெரிதென்றால் பேரூராட்சி, நகராட்சியில். பதிந்ததும் முதல் சான்றிதழை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 1969ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தச் சான்றிதழோடு, இந்தக் குடும்பம் எங்கெங்கே எதைக் கேட்கலாம் என்று பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்த ஒரே ஒரு தாளைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். புதிய திட்டம் வேண்டாம், புதிய அலுவலரும் வேண்டாம். மாவட்ட ஆட்சியர் மனது வைத்தாலே நடந்துவிடும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் இரண்டு முறை மனுவாகக் கொடுத்துவிட்டேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது.

பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில் அந்தத் தாளை நானே எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் அடங்குகிறது. மில்லிலோ கம்பெனியிலோ பி.எஃப். பிடித்தவராக இருந்தால் அதோடு சேர்ந்த காப்பீட்டையும் குடும்ப ஓய்வூதியத்தையும் கேட்க வேண்டும், நலவாரிய அட்டை இருந்தால் தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன். நகல் இந்தக் கடிதத்துடன் இருக்கிறது. தவறு இருந்தால் திருத்தி, மாதம் ஒருமுறை பத்திரிகையில் ஒரு மூலையில் போடுங்கள். கத்தரித்து வைத்துக்கொள்ள வசதியாகச் சுற்றிலும் கோடு போட்டிருக்கிறேன். முதல் வரி இது: ‘இறந்தவரின் பாஸ்புக்கைத் தூக்கிப் போடாதீர்கள். வங்கிக்குப் போய் என்ட்ரி போட்டு, மே மாதக் கடைசியில் 436 அல்லது 20 பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.’

இப்படிக்கு,
தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதும் ஒரு வாசகி