ஏணை ஆட்டியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் கறித்தூளுக்கும் என் மகளுக்கும் ஒரே வயது. 2017இல் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்த கையோடு, கிளிநொச்சி முரசுமோட்டை வீட்டுப் பின்வளவில் இரண்டு கிலோ செத்தல் மிளகாயோடு தொடங்கினேன். இரண்டையும் நான்தான் வளர்த்தேன் என்று ஊர் சொல்கிறது. அது சரியில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி பக்கத்து வீட்டு மாமிக்கு. மிளகாய் வறுத்தால் பச்சைப் பிள்ளைக்குக் கமறும் என்று மகளைத் தூக்கிக்கொண்டு போய், உங்கள் மாமரத்தில் ஏணை கட்டி ஆட்டினீர்கள். ஆட்டியபடியே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மல்லி கருகுது பிள்ளை, நெருப்பை இழு" என்று சொன்னதும் நீங்கள்தான். மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பதம், வெந்தயம் ஒரு சொட்டு மீறினாலும் தூள் முழுக்கக் கைக்கும் என்பதை அந்த வேலியோரம்தான் படித்தேன்.

அடுத்தது கிளினிக் மருத்துவமாது அக்கா. ஒரு மாதம் மகளின் நிறை ஏறவில்லை என்று அழுதுகொண்டு வந்தேன். நீங்கள் கொப்பியில் இருந்த கோட்டைத் தொட்டுக் காட்டி, "ஒரு மாதத்து நிறையைப் பார்த்துப் பயப்படாதை, கோடு எந்தப் பக்கம் போகுது எண்டு பார்" என்றீர்கள். அன்றிரவே கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில், மாதாமாதம் கையில் மிஞ்சிய காசுக்கும் அப்படி ஒரு கோடு கீறினேன். திடுக்கிட்டுப் போனேன். விற்பனை கூடிக்கொண்டிருக்க, கோடு கீழே இறங்கியிருந்தது. காசெல்லாம் கடைகளில் கடனாக நின்றது. பிள்ளை பசித்தால் கத்தும். வியாபாரம் கத்தாது, சத்தம் போடாமல் மெலியும். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்பவர்களோடு இந்த இடத்தில் மட்டும் எனக்கு ஒத்துவராது.

2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். மல்லிச் சாக்குகளின் நினைப்பே வரவில்லை. விடிந்து பார்த்தால் ஆறு சாக்கும் நாங்கள் தங்கியிருந்த பாடசாலையில், மேசைகளின் மேல் ஈரம் படாமல் இருந்தன. யார் சுமந்தது என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. தம்பிமாரே, எனக்குத் தெரியும்.

சொல்வழி கேட்காமல் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த வருடம் கொழும்புக் கடைக்காரர் ஒருவர் ஒரேயடியாக 200 கிலோ கேட்டார். மாமி வேண்டாம் என்றார். நான் வட்டிக்குக் கடன் எடுத்துக் கொடுத்தேன். ஏழு மாதம் காசு வரவில்லை, வட்டி மட்டும் தவணை தவறாமல் வந்தது. பல்லு முளைத்துப் பல்லுக்கொழுக்கட்டை கொட்ட முதலே பிள்ளைக்குப் பிட்டுத் தீத்திய கதைதான். அந்த நேரம் தன் முறைக்கு வந்த சீட்டுக்காசை எனக்கு விட்டுத்தந்த அக்காவை எப்படி மறப்பேன்?

2020இல் மஞ்சள் இறக்குமதி நின்று விலை எங்கேயோ ஏறியபோது, வாழையடியில் நட்டிருந்த மஞ்சளைக் கிண்டி அவித்துக் காயவைத்து, பழைய விலைக்கே தந்த ஐயாவுக்கும் நன்றி. அப்புறம் 2022. மின்வெட்டு, டீசல் வரிசை. பரந்தன் சந்தி மில் அண்ணை, கரண்ட் வந்த நேரமெல்லாம், நடுச்சாமம் என்றும் பாராமல் அரைத்துத் தந்தீர்கள்.

இப்போது மகள்தான் லேபல் ஒட்டுகிறாள். கொஞ்சம் சரிவாகத்தான் ஒட்டுகிறாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மில் அண்ணை, போன கிழமை அரைத்த 12 கிலோவுக்கு இன்னும் கூலி தரவில்லை. வெள்ளிக்கிழமை கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
முரசுமோட்டைக் கறித்தூள்காரி