கையெழுத்து வாங்கும் முன் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் அறுவை சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கும்,

வணக்கம். என் அம்மாவின் இரைப்பையிலிருந்த கட்டியை நீங்கள்தான் அகற்றினீர்கள். கோப்பு உங்களிடமே இருப்பதால் எல்லாவற்றையும் திரும்பச் சொல்லவில்லை. கட்டி முழுதாக வந்துவிட்டது. அதற்கு என்றும் நன்றியோடு இருப்பேன்.

போன வாரம் மறுபரிசோதனைக்கு வந்தபோது, "இதை லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றைப் பெரிதாக வெட்டாமல் சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டு, எடுத்திருக்க முடியாதா?" என்று கேட்டேன். "முடிந்திருக்கும், நீங்கள் கேட்கவில்லையே" என்றார்கள்.

எப்படிக் கேட்பது? அப்படி ஒரு வழி இருப்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது. அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் இரவு நீட்டிய ஒப்புதல் படிவத்தில் 'கட்டி அகற்றும் அறுவை சிகிச்சை' என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது.

நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை வெட்டு. வலியைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டார், இருமலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நுரையீரலில் சளி தேங்காமல் இருக்க இருமியே ஆக வேண்டும் என்றார்கள். தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வருகிற இருமலைப் பாதியிலேயே விழுங்குவார். கண்ணிலிருந்து நீர் வழியும். தும்மல் வந்துவிடுமோ என்ற பயத்தில் தூங்காத இரவுகளும் உண்டு.

இத்தனைக்கும் அது 3 சென்டிமீட்டர் கட்டி. ஜிஸ்ட் (GIST) என்கிற, இரைப்பை, குடல் சுவர்களில் வளரும் வகை; இரைப்பையின் முன்சுவரில் இருந்தது. இந்த வகைக்குப் பெரும்பாலும் நிணநீர் முடிச்சுகளை எடுக்க வேண்டியதில்லை. சில சிறு துளைகள் போட்டு, கட்டி உடையாமல் சுற்றியுள்ள சுவரோடு வெட்டி, பைக்குள் வைத்து வெளியே எடுக்கலாம் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். இது நேற்று வந்த முறையும் இல்லை. இரைப்பைப் புற்றுநோய்க்கே ஜப்பானில் 1991-லேயே லேப்ராஸ்கோப்பி மூலம் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். தென்கொரியாவில் முதல்நிலை இரைப்பைப் புற்றுநோயாளிகளிடம் வயிற்றைத் திறந்து செய்வது, லேப்ராஸ்கோப்பி என்ற இரண்டு முறைகளையும் ஒப்பிட்டபோது, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசமே இல்லை.

எல்லாருக்கும் இது பொருந்தாது, சரி. பெரிய கட்டியாக இருக்கலாம், பக்கத்து உறுப்பில் ஒட்டியிருக்கலாம், பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டியும் வரலாம். அந்த முடிவில் நான் தலையிடவில்லை. கையெழுத்து வாங்கும் முன் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கட்டண விவரத்தை மட்டும் பஞ்சு, ஊசி வரைக்கும் வரி வரியாக அச்சடித்துத் தருகிறீர்கள். மூன்று மணி நேரம் காத்திருந்தால் மருத்துவர் மூன்று நிமிடம் பேசுகிறார். சந்தேகம் கேட்டால் செவிலியரைக் கேட்கச் சொல்கிறார், செவிலியரோ மருத்துவரைக் கேட்கச் சொல்கிறார். கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

படிவத்தில் மூன்று கேள்விகளைச் சேர்த்துவிடும்படி பணிவோடு வேண்டுகிறேன். இந்தக் கட்டியை எந்தெந்த வழிகளில் எடுக்கலாம்? இந்த நோயாளிக்கு ஏன் இந்த வழி? மற்ற வழி இங்கே இல்லையென்றால் எங்கே போகலாம்? பதிலை நோயாளிக்குப் புரியும்படி வாயாலும் சொல்லுங்கள். அதுவும் முந்தின இரவில் வேண்டாம், யோசிக்க அவகாசம் இருக்கும்போதே சொல்லுங்கள்.

அடுத்த மாதம் அம்மாவை ஸ்கேனுக்கு அழைத்து வருவேன். மாற்றிய படிவத்தை அன்று எனக்குக் காட்டினால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருவரின் மகள்