ஒஸ்லோ வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பெரும்பாலான கூட்டங்களை நோர்வேயின் தொழிலாளர் கம்யூனிஸ்ட் கட்சி, அதாவது ஆ.கோ.பே. பற்றியே நடத்தினோம். "வாக்குச்சீட்டில் பெயரே இல்லாத கட்சிக்கு இவ்வளவு கூட்டமா?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

சோசலிச மக்கள் கட்சியின் இளைஞர் அணி 1969இல் தாய்க்கட்சியோடு முறித்துக்கொண்டு மாவோ பக்கம் போனது. அதிலிருந்து 1973இல் ஆ.கோ.பே. பிறந்தது. தேர்தலுக்கென்று சிவப்புத் தேர்தல் கூட்டணி என்ற தனிப் பெயர் வைத்தார்கள். முதல் தேர்தலில் 0.4 சதவீதம்.

படிப்பை விட்டுவிட்டு, கட்சி சொன்னபடி தொழிற்சாலை வேலைக்குப் போன மாணவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். அவர்களுக்குக் கட்சிக்குள் புனைபெயர். தொலைபேசியில் வாய் திறக்கக் கூடாது. வெளியே இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் இரகசியப் பொலிஸ் பல்லாண்டுகளாக இடதுசாரிகளைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கண்காணித்ததை 1996இல் லுண்ட் ஆணைக்குழு வெளிக்கொண்டு வந்தது.

கம்பூச்சியா (கம்போடியா) பற்றிய கூட்டம் நேரம் தாண்டிப் போனது. 1978இல் கட்சித் தலைவர் போல் ஸ்டைகன் உள்ளிட்ட குழு, சொந்த மக்களையே இலட்சக்கணக்கில் சாகடித்த பொல் பொட்டின் நாட்டுக்குப் போய்வந்து, அந்த ஆட்சியைப் புகழ்ந்தது. அப்போது யாருக்கும் உண்மை தெரியாது என்று ஒருவர் வாதாடினார். தப்பி வந்த அகதிகளின் சாட்சியங்கள் அப்போதே அச்சில் இருந்தன; நம்ப மனமில்லை, அவ்வளவுதான். அகதியாக வந்த நாங்கள் இதை லேசாக விட்டுவிட ஏலாது.

ஆனாலும் அவர்கள் 1969இல் தொடங்கி 1977இல் நாளிதழாக்கிய 'கிளாசெகாம்பன்' இன்றும் வருகிறது. அந்தக் கட்சிக்கு ஒருநாளும் வாக்களித்திராதவர்களும் பண்பாட்டுப் பக்கங்களுக்காகச் சந்தா கட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், அவர்களுடைய ஒரே வெற்றி அதுதான். இளையோர் இதை ஏற்கவில்லை. 1993இல் கூட்டணியின் ஏர்லிங் ஃபோல்க்வூர் ஒஸ்லோவில் நாடாளுமன்ற ஆசனம் வென்றதைச் சுட்டிக்காட்டினார்கள். சரி, 1997இல் அந்த ஆசனமும் போய்விட்டதே! 2007இல் கட்சியும் கூட்டணியும் 'ரோட்' கட்சியில் கலந்தன. அது 2021இல் 4.7 சதவீதத்தோடு 8 ஆசனங்களைப் பிடித்தது. இதைப் பழைய கட்சியின் கணக்கில் சேர்க்கலாமா என்பதில் இன்னும் உடன்பாடில்லை.

அடுத்த ஆண்டுக்கு, 1989இல் மூன்று சிறு கட்சிகள் சேர்ந்து உருவான டென்மார்க்கின் 'ஒற்றுமைப் பட்டியல்' என்ற இடதுசாரிக் கட்சியை எடுக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. மாற்று யோசனைகள் இருந்தால் இன்றே சொல்லுங்கள். மண்டப வாடகை கூடியிருக்கிறது. அப்புறம், சந்தா பாக்கியும் நிறைய. மீதியைப் பொருளாளர் தன் கணக்கறிக்கையில் சொல்வார்.

செயலாளர்