எங்கள் நூலகத்துக்கு ‘எங்கள் ஊர்’ வேண்டும்

கிளை நூலகங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் உள்ள பெரியோர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். தன்வரலாறு, வாழ்க்கை வரலாறு, கடிதத் தொகுப்பு என்று எங்கள் நூலகத்துக்கு வேண்டிய புத்தகங்களை நாங்கள் கேட்டு எழுதிய நோட்டு ஒவ்வோர் ஆண்டும் உங்கள் பார்வைக்கு வருகிறது. அதனால் பழைய கதையைத் திரும்பச் சொல்லவில்லை. போன சனிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அம்மா நடவுக்குப் போகிறவர். சொந்த வட்டாரத்துக்காரர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும், படித்த புத்தகத்தையும் கையோடு கொண்டு வர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். எங்கள் வட்டாரத்துக்காரர் என்றால் யோசிக்கவா வேண்டும்? உ.வே.சா.வின் சொந்த ஊரான உத்தமதானபுரம் சைக்கிளில் போகிற தூரம். அவருடைய தன்வரலாறான ‘என் சரித்திரம்’ எடுத்துக் கொடுக்கலாம் என்று நூலகத்துக்கு அழைத்துப் போனேன்.

ஒரே பிரதிதான். முதுகு பிரிந்து, சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தது. கயிற்றை அவிழ்த்து முதல் வரியைப் படித்தவள் என்னைப் பார்த்தாள். “தாத்தா, இது பாதியிலேர்ந்து ஆரம்பிக்குதே?” என்றாள். முன்பக்கங்கள் எப்போதோ உதிர்ந்து போயிருக்கின்றன.

அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்துக்குப் பெயரே ‘எங்கள் ஊர்’. ஏகாதசியன்று மறந்துபோய்த் தாம்பூலம் போட்டுக்கொண்ட தஞ்சாவூர் ராஜா, அதற்குப் பரிகாரமாக நாற்பத்தெட்டு வீடும் இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறுமாகக் கட்டித் தானம் செய்த ஊர் என்று அவர் எழுதியிருப்பார். அந்தப் பக்கங்கள்தான் இல்லை. நூலக வாசற்படியில் உட்கார்ந்து, நினைவில் இருந்ததை அவளுக்குச் சொன்னேன். “அந்தக் கிணறெல்லாம் இப்பவும் இருக்கா?” என்று கேட்டாள். திங்கட்கிழமை காலையில் அந்தத் தலையில்லாத புத்தகத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

நூலகர்மேல் குறை சொல்ல மாட்டேன். பசையும் நூலும் கைக்காசு போட்டு வாங்கி ஒட்டுகிறவர் அவர். ஆனால் வாழ்க்கை வரலாறு அலமாரியில் மீதி என்ன இருக்கிறது? ஒரே தலைவரைப் பற்றி ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய நாற்பத்தெட்டுப் பக்கப் புத்தகங்கள். பிறந்தார், படித்தார், மறைந்தார் என்பதற்கு மேல் அவற்றில் ஒன்றும் கிடையாது. மனிதர் யாருக்குக் கடன்பட்டார், எதற்குப் பயந்தார், வீட்டுக்கு என்ன எழுதினார் என்று பிள்ளைகள் எங்கே போய்த் தெரிந்துகொள்வார்கள்?

புத்தகமே வரவில்லை என்றால் சரி, விட்டுவிடலாம். வந்திருக்கிறதே. 1877 முதல் 1900 வரை உ.வே.சா.வுக்கு வந்த கடிதங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து, ‘கடிதக் கருவூல’த்தின் முதல் தொகுதி 2018-இல் வெளிவந்துவிட்டது. அந்தக் காலத்தில் பெரும்பகுதி அவர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். எங்களூர்த் தபால்காரர்கள் சுமந்த கடிதங்கள் அவை. எங்கள் அலமாரிக்கு இன்னும் வந்து சேரவில்லை. கீழத்தஞ்சையில் நிலமில்லாத பெண்கள் பெயரில் நிலம் பதிவாகப் பாடுபட்ட கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் வாழ்க்கை, ‘சுதந்திரத்தின் நிறம்’ என்று தமிழில் வந்திருக்கிறது. நடவுக்குப் போகிற அம்மாவுக்கு மகள் உரக்கப் படித்துக் காட்ட வேண்டிய புத்தகம். அதுவும் இல்லை. எழுத்தாளர்கள் கு.ப.ரா.வையும் தி. ஜானகிராமனையும் பக்கத்திலிருந்து பார்த்த எம்.வி. வெங்கட்ராமின் ‘என் இலக்கிய நண்பர்கள்’ கும்பகோணத்துக்காரர் எழுதியது. மூன்று முறை நோட்டில் எழுதியிருக்கிறேன்.

சென்னையில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வந்தபோது மனம் நிறைந்து சந்தோஷப்பட்டவன் நான். ஆனால் ஒரு புத்தகம் படிக்க இந்தப் பெண் மதுரைக்குப் பஸ் ஏற முடியுமா? 1948-லேயே நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி என்று இந்தக் கிராமத்து ஓட்டு வீடும் கட்டுகிறது. வரி வாங்கும்போது கிராமம் என்று யாரும் எங்களை ஒதுக்குவதில்லை. ஐப்பசி மழையில் ஒழுகும் கூரைக்கு அடியில் அலமாரியை நகர்த்தி நகர்த்தி வைக்கிறோம், அதைக்கூட இப்போது பேசவில்லை.

கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது புத்தகம்தான். தன்வரலாறு, வாழ்க்கை வரலாறு, கடிதத் தொகுப்பு மூன்றிலும் புதிதாக வருகிறவற்றில் ஆண்டுக்கு இருபதாவது ஒவ்வொரு கிளை நூலகத்துக்கும் அனுப்புங்கள். அவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது எங்கள் நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

அதற்கு முன்னால், முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிற ‘என் சரித்திரம்’ ஒன்றைத் தயவுசெய்து உடனே அனுப்பி வையுங்கள். அந்தப் பெண் அதற்குள் உத்தமதானபுரம் போய்க் கிணறுகளை எண்ணிவிட்டு வந்திருக்கிறாள். புத்தகத்தில் உள்ளதோடு சரிபார்க்கக் காத்திருக்கிறாள்.

வணக்கத்துடன்,
பாபநாசம் வட்டத்திலிருந்து ஒரு வாசகன்