அமெரிக்கக் கவிதைத் தாளுக்கு வினா எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். இளங்கலை ஆங்கில இலக்கிய வகுப்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிதை நடத்தும் ஆசிரியை நான். எமிலி டிக்கின்சனின் கவிதை உத்திகள் யாவை என்று நீங்கள் கேட்டால் மாணவர்கள் மளமளவென்று எழுதிவிடுவார்கள்: உருவகம், மோனை, ஸ்லான்ட் ரைம் (அரைகுறையாக இயையும் ஒலி), டேஷ் (வரியை வெட்டும் சிறு கோடு). கவிதையை ஒருமுறைகூட வாய்விட்டுப் படிக்காமலே அதற்கு முழு மதிப்பெண் வாங்கலாம். அந்த வகைக் கேள்வியை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சாவே வண்டியில் வந்து ஒருத்தியை அழைத்துப் போவதாக அவளே சொல்லும் ‘பிகாஸ் ஐ குட் நாட் ஸ்டாப் ஃபார் டெத்’ கவிதையையே எடுத்துக்கொள்வோம். டிக்கின்சன் 1886-இல் இறந்தார். நான்கு ஆண்டு கழித்து மேபல் லூமிஸ் டாடும் தாமஸ் ஹிக்கின்சனும் அவருடைய முதல் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். இந்தக் கவிதைக்கு ‘தி சேரியட்’ என்று தலைப்பு வைத்தார்கள், டேஷ்களை எடுத்தார்கள், வரிகளிலும் கை வைத்தார்கள். மூன்றாம் ஸ்டான்ஸாவில் (நான்கு வரிக் கண்ணியில்) பள்ளி இடைவேளையில் வட்டமாக நின்று மல்லுக்கட்டும் பிள்ளைகள் வருகிறார்கள். ‘ரிங்’ என்று முடியும் அந்த வரியோடு, ஸ்டான்ஸாவின் கடைசிச் சொல்லான ‘சன்’ அரைகுறையாகத்தான் இயைகிறது. பதிப்பாளர்கள் அங்கே பாடம் முடிந்தும் முடியாமலும் விளையாடும் பிள்ளைகளைக் கொண்டுவந்து ‘டன்’ என்று முடித்தார்கள். டன், சன்: காதுக்கு இதமாகிவிட்டது. ஐந்தாம் ஸ்டான்ஸாவில் டிக்கின்சன் நிலம் என்று பொருள்படும் ‘கிரவுண்ட்’ என்ற சொல்லையே இருமுறை வைத்திருந்தார், சவக்குழியின் முன் வேறு சொல்லே கிடைக்காததுபோல. அதில் ஒன்றை மேடு என்று பொருள்படும் ‘மௌண்ட்’ ஆக்கினார்கள். நான்காம் ஸ்டான்ஸாவை முழுசாகவே தூக்கிவிட்டார்கள். சூரியனை நாங்கள் கடந்தோம் என்று சொன்னவள், இல்லை, அவன்தான் எங்களைக் கடந்துபோனான் என்று திருத்திக்கொள்ளும் இடம் அது. மெல்லிய உடையில் அவளுக்குக் குளிர் ஏறுவதும் அங்கேதான். அது போனால் கவிதை ஒரு சுகமான வண்டிப் பயணம்.

1955-இல் தாமஸ் ஜான்சன் என்ற ஆய்வாளர் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்து எல்லாவற்றையும் மீட்டார். ஆனால் என் மாணவர்கள் கையில் இருக்கும் சில நோட்ஸ்களில் இன்றும் 1890-இன் வடிவம்தான். ஆறு ஸ்டான்ஸாவில் மூன்றின் ஒலி மாற்றப்பட்டோ நீக்கப்பட்டோ இருக்கும் அந்தப் பிரதியை வைத்துக்கொண்டு ஸ்லான்ட் ரைம் பற்றிக் கேட்பது மாணவருக்கு நியாயமா, சொல்லுங்கள்.

உத்தி என்ன வேலை செய்கிறது என்பதும் வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். எட்டு அசை, ஆறு அசை என்று மாறி மாறி வரும் இந்த வடிவம் ஐசக் வாட்ஸ் போன்ற ஆங்கிலப் பாடலாசிரியர்களின் கிறித்தவ ஆராதனைப் பாடல்களில் பழகியது. ‘அமேசிங் கிரேஸ்’ என்ற ஆராதனைப் பாடலின் மெட்டில் இந்தக் கவிதையை அப்படியே பாடலாம். வகுப்பில் பாடவைத்துப் பாருங்கள். மெட்டு முழு இயைபை எதிர்பார்க்கவைக்கும், ‘சன்’ வந்ததும் காது தடுக்கும். நம்பிக்கையின் மெட்டிலேயே சந்தேகத்தை நுழைத்தவர் டிக்கின்சன் என்பது என் வாசிப்பு.

இலக்கிய இயக்கங்கள் பற்றிய கேள்விகளும் இதே கதைதான். டிக்கின்சன் காலத்து அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ தொகுப்பு 1855-இல் வந்தது. முகப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இல்லை, பன்னிரண்டு கவிதைகள், விவிலியத்தை நினைவூட்டும் இயைபில்லாத நீண்ட வரிகள். அதே ஆண்டில்தான் ஃபின்லாந்தின் ‘கலேவலா’ காவியத்தின் யாப்பை எடுத்தாண்ட இன்னொரு அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவின் ‘ஹையவாதா’வும் வந்தது. அப்புறம், லிங்கன் கொல்லப்பட்டபோது விட்மனே இயைபோடு ‘ஓ கேப்டன்’ எழுதினார். இயற்கையையும் தனிமனித உள்ளுணர்வையும் போற்றிய டிரான்ஸென்டென்டலிசம் என்ற இயக்கத்தின் ஐந்து கூறுகளைப் பட்டியலிடச் சொன்னால் இதில் எது வெளிவரும்?

வினாத்தாளிலேயே கவிதையை அச்சிடுங்கள். ‘ரிங்’ போய் ‘டன்’ வந்தால் கவிதைக்கு என்ன ஆகிறது என்று கேளுங்கள். எந்தப் பதிப்பு என்பதைப் பாடத்திட்டத்தில் குறிப்பிடுங்கள். டிக்கின்சனின் கையெழுத்துப் பிரதிகளின் படங்கள் 2013 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செல்பேசியிலேயே பார்க்கலாம். அதைப் பார்த்து எழுதும் ஒரு பக்க ஒப்படைப்பை அக மதிப்பீட்டில் சேர்க்க, அடுத்த பாடத்திட்டத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஆங்கிலத் துறை ஆசிரியை ஒருத்தி