கமலாவுக்கு, அந்தப் பிள்ளையைப் பற்றி

ஹட்டன், இலங்கை

அன்புள்ள கமலா,

கடிதம் கிடைத்தது. உன் மூட்டுவலி குறைந்திருப்பது பெரிய ஆறுதல். இங்கே மழை விட்டபாடில்லை.

உங்கள் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், மற்றப் பிள்ளைகளைக் கடித்துவிட்டு, அம்மா கூப்பிட வந்ததும் கட்டைபோல் நிற்கும் அந்த இரண்டரை வயதுப் பையனைக் "குறும்பு" என்கிறார்களாம். தாய் வீட்டில் அடிவாங்குகிறவள் என்றும் எழுதியிருக்கிறாய். அப்படியானால் இதைக் குறும்பென்று விட்டுவிடக் கூடாது.

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வரை எந்தப் பிள்ளையும் கத்தும், உதைக்கும், கடிக்கும். அடிபட்ட தாய்க்கு அந்தக் கத்தலும் ஓங்கிய சின்னக் கையும் அடித்தவனை ஞாபகப்படுத்தும். முகச்சாயலும் அப்பனுடையது என்றால் இன்னும் மோசம். நெஞ்சு படபடக்கும், உடம்பு விறைக்கும். அந்த நேரம் ஒன்று அடித்துவிடுவாள், இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பயந்தால் எந்த மடிக்கு ஓட வேண்டுமோ, அந்த மடியே பயந்துபோய் இருந்தால் பிள்ளை எங்கே போகும்? "இவனும் அவனைப் போலத்தான்" என்று அவள் சொல்கிறாளா, கவனி.

1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர், தாய்மாரைச் சில நிமிடம் முகம் அசைக்காமல் குழந்தைக்கு முன்னால் உட்காரச் சொன்னார். குழந்தைகள் முதலில் சிரித்து அழைத்துப் பார்த்தன, பிறகு பார்வையை விலக்கிக்கொண்டன. அப்படி முகம் இறுகுவது நாள்தோறும் நடந்தால் பேச்சும் பிந்தக்கூடும். லயக்காம்பராவில், அந்தத் தோட்டத்து வரிசை வீட்டறையில், சத்தம் வரக் கூடாதென்று பிள்ளையை அடக்கியே வைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் பயத்தின் தலையில் கட்டிவிடாதே. இரண்டு வயது தாண்டியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். மருத்துவிச்சியிடம் சொல்லி அனுப்பு.

காலையில் தினமும் ஒரே ஆயா பையனை வாங்கட்டும். கடிக்க வந்தால் குனிந்து, கண்ணுக்கு நேராக, "கோபமா இருக்கா? கடிக்க விடமாட்டேன்" என்று சொன்னால் போதும். மூலையில் நிற்கவைக்க வேண்டாம், பயம்தான் கூடும். அந்தி நேரம் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டுக் களைத்து வரும் தாயைப் பத்து நிமிடம் உட்காரவை. அன்றைக்கு அவன் செய்த நல்லது ஒன்றை மட்டும் சொல். அவன் கத்தும்போது இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி, "இவனுக்கு ரெண்டரை வயசுதான்" என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்கு. பழைய ஞாபகத்திலிருந்து அவளை இந்த நிமிடத்துக்கு இழுத்துவர அது உதவும்.

அடியைப் பற்றித் தனியாகத்தான் கேட்க வேண்டும். மாமியார் முன்னாலும் வேண்டாம், பையன் முன்னாலும் வேண்டாம், அவனுக்கு விளங்கும். கணவன் கண்ணில் படக்கூடிய கிளினிக் புத்தகத்தில் எதையும் எழுதிவிடாதே. "பிள்ளைக்காகப் பொறுத்துக்கோ" என்று யாரையும் சொல்லவிடாதே. அதற்காக "உடனே வெளியேறு" என்றும் நெருக்காதே, விட்டுப்போகும் வேளைதான் மிக ஆபத்தானது. பல அரச வைத்தியசாலைகளில் அடிபட்ட பெண்களுக்கு உதவும் மித்துரு பியச, அதாவது நட்பு நிலையம், இருக்கிறது. கிளினிக்குக்குப் போகும் சாக்கிலேயே அங்கே போய்விடலாம். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்களை அவள் மனப்பாடம் செய்யட்டும். 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். எப்போது கேட்பது என்பதை அவளே முடிவுசெய்யட்டும்.

காதுச் சோதனை முடிவு வந்ததும் எழுது.

அன்புடன்,
ராணி